பன்னிரண்டு புளியங்கொட்டை

மாசி முடிந்து பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருடத்துப் புளி வந்து இறங்கிவிடும். நாவலூரில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தாலும், கொட்டை எடுத்த புளியைக் கடையில் வாங்க அம்மா சம்மதிப்பதில்லை. முழுப் புளியாக வாங்கி, பால்கனியில் வெயில் காட்டி, அரிவாள்மனை முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. இந்த முறை அந்தக் கொட்டைகள் ஆறாவது படிக்கும் என் பையன் கையில் மாட்டின.

கூடத்துத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். "அப்பா, பன்னெண்டு ரொம்ப நல்ல நம்பர். ரெண்டு ரெண்டா வெச்சாலும் மிச்சம் வரல, மூணு மூணா, நாலு நாலா, ஆறு ஆறா எப்படி வெச்சாலும் சரியா வருது. பதிமூணுதான் அடம். எப்படி வெச்சாலும் ஒண்ணு தனியா நிக்குது."

பகா எண்ணுக்கு 'அடம்' என்று பேர் வைத்ததை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சொன்னான். "பன்னெண்டுக்கு முன்னாடி இவ்ளோ நல்ல நம்பர் ஒண்ணுகூட இல்லப்பா. நான் பாத்துட்டேன்."

தனக்கு முன்னால் வரும் எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் இந்த வரிசைக்குக் கணிதத்தில் உயர் பகு எண்கள் என்று பெயர். 12க்கு ஆறு காரணிகள், 24க்கு எட்டு, 60க்குப் பன்னிரண்டு. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்தார்கள். பிரபவ முதல் அட்சய வரை வருடங்கள் அறுபது. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். சந்தைக்காரர் டஜன் கணக்கில் வாழைப்பழம் விற்கிறார். பாதி, கால், மூன்றில் ஒரு பங்கு என்று எப்படிக் கேட்டாலும் உடையாமல் கொடுக்கிற எண்களாகப் பார்த்துத்தான் மனிதர்கள் காலங்காலமாகப் பொறுக்கியிருக்கிறார்கள். ஆனால் அவற்றை ஒரே குடும்பமாகக் கண்டு, பெயர் வைத்து, வாழ்க்கை வரலாறு எழுதியவர் ஒருவர்தான். 1915ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்த நீண்ட கட்டுரையில் அதைச் செய்தார் சீனிவாச ராமானுஜன். அந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1916ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.

நான் தினமும் ஓ.எம்.ஆரில் தரமணி வரை போய்வருகிறவன். அங்கே 'ராமானுஜன் ஐ.டி. சிட்டி' என்று ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு அந்தப் பெயரின் கீழ் நுழைந்து வெளியே வருகிறார்கள். மென்பொருள் கட்டடத்துக்குக் கணித மேதையின் பெயர் வெறும் மரியாதைக்காக வைத்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணினி தானாக ஒரு புதுக் கருத்தை உருவாக்க முடியுமா என்று உலகில் யார் யாரோ முயன்றபோதெல்லாம் இந்த மனிதர் குறுக்கே வந்து நின்றிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் கதை 1976ல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில். டக்ளஸ் லெனட் என்ற இளைஞர் முனைவர் பட்டத்துக்காக 'ஏ.எம்.' என்று ஒரு நிரல் எழுதினார். அதற்கு யாரும் கணக்குக் கொடுத்து விடை கேட்கவில்லை. 115 அடிப்படைக் கருத்துருக்களை உள்ளே வைத்து, "எது சுவாரசியமோ அதைத் தேடிக்கொண்டு போ" என்று அவிழ்த்துவிட்டார். கணம், பட்டியல், சமம் போன்றவைதான் அந்த 115. எண் என்ற கருத்து அதில் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்றுகூடத் தெரியாது.

கருத்துரு ஒன்றைக் கணினிக்குள் எப்படி வைப்பது? லெனட் வைத்த விதம் நம் ஊர் ஜாதகக் கட்டம் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் அறைகள். ஒரு அறையில் இலக்கணம், ஒன்றில் உதாரணங்கள், ஒன்றில் இதைவிடப் பொதுவானது எது, ஒன்றில் இதைவிடக் குறுகலானது எது, கடைசியில் இதற்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு எண். பெரும்பாலான அறைகள் காலி. அந்தக் காலி அறைகளை நிரப்புவதுதான் நிரலின் பிழைப்பு. எதை முதலில் நிரப்புவது என்பதற்கு ஒரு வேலைப் பட்டியல். ஒவ்வொரு வேலைக்கும் அதை ஏன் செய்ய வேண்டும் என்ற காரணங்கள் பக்கத்தில் எழுதியிருக்கும். காரணம் சேரச் சேர வேலை மேலே ஏறும். காரணம் கிடைக்காத வேலை அடியிலேயே கிடக்கும். இவற்றையெல்லாம் நடத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட விதிகள். "ஒரு சோதனை எப்போதுமே தோற்றுக்கொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்" என்பது அதில் ஒன்று.

இந்த ஒரு விதி செய்த காரியத்தைப் பாருங்கள். என்னிடம் ஒரு மளிகைச் சீட்டு, உங்களிடம் ஒன்று. இரண்டும் ஒன்றா என்று எப்படிப் பார்ப்போம்? முதல் வரி என்னுடையது து.பருப்பு, உங்களுடையதும் து.பருப்பு, சரி, அடித்துவிடு. அடுத்த வரி கடுகு, கடுகு, அடித்துவிடு. இரண்டு சீட்டும் ஒரே நேரத்தில் தீர்ந்தால் இரண்டும் சமம். ஏ.எம். இந்தச் சோதனையைக் கையில் கிடைத்த பட்டியல்கள்மீது போட்டுப் பார்த்தது. ஏறக்குறைய எல்லாம் தோல்வி. தற்செயலாக எடுத்த இரண்டு சீட்டுகள் எங்கே ஒத்துப்போகும்? உடனே 'தளர்த்து' விதி கிளம்பியது. சோதனையிலிருந்து ஒரு பகுதியைக் கழற்றியது. பொருள் ஒன்றுதானா என்று பார்க்கும் பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்தது: என்னுடையதில் ஒன்றை அடி, உங்களுடையதில் ஒன்றை அடி, இரண்டும் சேர்ந்து தீர்கிறதா பார்.

அதாவது, இரண்டு சீட்டிலும் சாமான்கள் எத்தனை என்பது மட்டும் ஒன்றா?

பிறகு, எந்தச் சாமானாக இருந்தாலும் ஒரே குறியை இடு என்று இன்னொரு படி. துவரம்பருப்பு, கடுகு, பெருங்காயம் எல்லாம் மறைந்து மூன்று கோடுகள் நின்றன. ஏ.எம். மூன்றைக் கண்டுபிடித்துவிட்டது. புதியது பிறக்க வேண்டுமானால் இரண்டு பழையதை ஒட்ட வேண்டும் என்று பொதுவாக நினைக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து கோவளம் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பம் வரும். அங்கே புலிக்குகை வாயைச் சுற்றிப் பல்லவர் காலத்து யாளி முகங்கள். சிங்கத்தையும் வேறு விலங்குகளையும் சேர்த்தால் யாளி. இன்றைய படம் வரையும் செயற்கை நுண்ணறிவுகள் பெரும்பாலும் இந்த யாளி வேலையைத்தான் செய்கின்றன, பிரமாதமாகவும் செய்கின்றன. எண் பிறந்தது யாளி பிறந்த மாதிரி அல்ல. ஒன்றை விட்டுக்கொடுத்ததில் பிறந்தது. எனக்கு இந்த இரண்டாவது வகை மேல்தான் பிரமிப்பு அதிகம்.

எண் கிடைத்ததும் கூட்டல், பெருக்கல் வந்தன. பெருக்கலைத் திருப்பிப் போட்டால் காரணிகள். அப்போது இன்னொரு விதி: "ஒரு அளவு கிடைத்தால் அதன் இரண்டு கோடிகளையும் போய்ப் பார்." மிகக் குறைந்த காரணிகள் கொண்ட பக்கம் போனது. இரண்டே காரணிகள் கொண்டவை, பகா எண்கள், அதாவது என் பையனின் அடங்கள். மறுகோடிக்குப் போனது. மிக அதிகக் காரணிகள் கொண்டவை. 12, 24, 36, 48, 60.

லெனட் இதை எதிர்பார்க்கவில்லை. நிரல் தனக்கே தெரியாத ஒரு புதுக் கருத்தைக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்தார். பிறகுதான் அறுபது வருடங்களுக்கு முன்பே கும்பகோணத்துக்காரர் ஒருவர் அங்கே போய், வீடு கட்டிக் குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏ.எம். வாசல்வரை வந்தது, பெயர்ப்பலகையைப் படித்தது, போய்விட்டது. ராமானுஜன் உள்ளே என்ன செய்தார்? 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 × 3 × 3. காரணிகள் ஆறு. இதில் 2ஐயும் 3ஐயும் இடம் மாற்றுங்கள்: 3 × 2 × 2. அது 12, அதற்கும் காரணிகள் ஆறுதான், ஆனால் எண் சிறியது. ஆக, சிறிய பகா எண்ணைவிடப் பெரிய பகா எண் அதிக முறை வந்தால், அந்த எண் உயர் பகு எண்ணாக இருக்கவே முடியாது. இரண்டு அதிகம், மூன்று அதைவிடக் கூடாமல், ஐந்து அதற்கும் கூடாமல், படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டும். கடைசிப் படியில் வரும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு. இப்படி ஒரு கருத்துருவுக்குள் புகுந்து அதன் எலும்புக்கூட்டையே எடுத்து வெளியே வைத்தார். கையாலேயே கணக்குப் போட்டு ஏழு லட்சம் கோடியை எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பட்டியலும் கொடுத்தார். அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது என்பது எனக்கு ஏனோ பெரிய ஆறுதல். உலகப் போர் சமயம். கழகத்திடம் காசு இல்லாததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலேயே கிடந்து, 1997ல்தான் முறையாக வெளிவந்தது.

ஏ.எம். சீக்கிரமே களைத்துவிட்டது. தொடக்கத்தில் அடுக்கடுக்காகக் கண்டுபிடித்தது, போகப் போக உப்புச்சப்பில்லாத கருத்துகளாகக் கொட்டியது. விதிகள் பட்டியலுக்கும் கணத்துக்கும் ஏற்றவை. எண்களின் உலகத்துக்கு வந்தபின் அங்கே செல்லுபடியாகும் புதிய விதிகளை அதனால் உண்டாக்கிக்கொள்ள முடியவில்லை. சரி, விதிகளையே கண்டுபிடிக்கட்டும் என்று 'யூரிஸ்கோ' என்ற அடுத்த நிரலை லெனட் எழுதினார். அதில் ஒரு விதி பிறந்தது. கிடுகிடுவென்று மதிப்பு ஏறியது. என்ன அப்படிச் சாதித்தது என்று தோண்டிப் பார்த்தால், நல்ல விதி எது வந்தாலும் அதைக் கண்டுபிடித்தவர் என்ற அறையில் தன் பெயரை எழுதிக்கொள்வதுதான் அதன் ஒரே வேலை. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறவர்கள் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

விமர்சனமும் வந்தது. ரிச்சி, ஹன்னா என்ற இரு ஆய்வாளர்கள் 1984ல், ஏ.எம். பற்றி எழுதப்பட்டதற்கும் அது உண்மையில் செய்ததற்கும் இடைவெளி இருக்கிறது என்று கேள்வி எழுப்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எது நன்றாக இருக்கிறது என்று தலையாட்டி, பெயர் வைத்த மனிதரின் பங்கு எவ்வளவு என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் லெனட் தானே, ஜான் சீலி பிரவுனோடு சேர்ந்து, தன் நிரல் ஏன் வென்றது என்று யோசித்து எழுதியதுதான் எனக்கு இதில் பொன்னான இடம். ஏ.எம். தன் கருத்துருக்களை லிஸ்ப் என்ற நிரல்மொழியில் சின்னச் சின்ன நிரல்களாக வைத்திருந்தது. லிஸ்ப் கணிதத்தின் வயிற்றில் பிறந்த மொழி. அதில் எழுதிய இலக்கணத்தில் ஒரு துண்டைக் கழற்றினாலோ மாற்றினாலோ, மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு அர்த்தமுள்ள கணிதமாகவே இருந்துவிடும். பாதி அறிவு மொழியிலேயே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள வாசலுக்கு வந்தால் போதும். கோலத்தைப் புகைப்படம் எடுத்துக் கணினியில் ஏற்றினால் அது லட்சக்கணக்கான புள்ளிகள். அதில் நூறு புள்ளியை மாற்றினால் கிடைப்பது அழுக்கு. அதே கோலத்தை "இந்தப் புள்ளியைச் சுற்று, அடுத்ததில் வளை, நான்கு பக்கமும் இதையே திருப்பிச் செய்" என்று விதிகளாக எழுதிவைத்து, ஒரு விதியை மாற்றினால் கிடைப்பது இன்னொரு கோலம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதைத்தான் செய்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974ல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி வெளியிட்ட கட்டுரை, கணினி அறிவியலில் 'பட மொழிகள்' என்ற துறையில் இன்றும் பேசப்படுகிறது. கோலம் போடும் பெண்கள் எந்த அசைவுகளாகக் கோலத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் கிஃப்ட் சிரோமணி ஆராய்ந்தார். அம்மா கோலத்தைப் படமாக நினைவில் வைத்திருக்கவில்லை. கேட்டால் சொல்லத் தெரியாது, கை வைத்தால் வரும்.

ராமானுஜன் இரண்டாவது முறை வந்தது 1990களின் கடைசியில், எடின்பரோவில். சைமன் கால்டன் என்பவர் கருத்துரு கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதி அதற்கு 'எச்.ஆர்.' என்று பெயர் வைத்தார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டி, ராமானுஜன் இருவர் பெயரின் முதல் எழுத்துகள். இதில் ஜாதகக் கட்டம் இல்லை, கடைக்காரரின் கணக்கு நோட்டு மாதிரி அட்டவணைகள் மட்டும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: இடப்பக்கம் எண், வலப்பக்கம் அதன் காரணி. 8 என்றால் நான்கு வரி: 8-1, 8-2, 8-4, 8-8. கையில் சில விதிகள்தான்: வரிகளை எண்ணு, இரண்டு நோட்டைப் பொருத்து, இல்லாததை எடு, இப்படி. 'எண்ணு' விதியைப் போட்டால் புது நோட்டு: 8க்கு 4, 9க்கு 3, 10க்கு 4. இப்போது புது நோட்டைப் பழைய நோட்டோடு பொருத்து. 8-4 என்ற வரி இரண்டிலும் இருக்கிறது. 9-3 இரண்டிலும் இருக்கிறது. 10-4 பழைய நோட்டில் இல்லை, தள்ளு.

தேறியவை 1, 2, 8, 9, 12, 18, 24, 36, 40. காரணிகள் எத்தனையோ, அந்த எண்ணிக்கையே ஒரு காரணியாக இருக்கும் எண்கள். கால்டன் இவற்றுக்கு 'ரீஃபாக்டரபிள்' எண்கள் என்று பெயரிட்டு 1999ல் கட்டுரை வெளியிட்டார். இயந்திரத்தின் கண்டுபிடிப்பு என்று தலைப்பிலேயே சொன்னார். பிறகு பார்த்தால், கென்னடி, கூப்பர் என்ற இருவர் 1990லேயே இவற்றை வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள். மறுபடியும் அதே கதை. ஆனால் ராமானுஜனுக்கும் சின்ன வயதில் இதேதான் நடந்தது: ஐரோப்பாவில் எப்போதோ தெரிந்திருந்த பலவற்றை, தெரியாமலேயே கும்பகோணத்தில் மறுபடி கண்டுபிடித்தார். அதனால் அவை அவருடைய கண்டுபிடிப்பு இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

எச்.ஆர். அதோடு நிற்காமல் ஒரு ஊகமும் சொன்னது: இந்த வகையில் ஒற்றைப்படை எண் எது வந்தாலும் அது வர்க்க எண்ணாகத்தான் இருக்கும். இதைப் பையனுக்குக் கொட்டையை வைத்தே காட்டினேன். காரணிகள் ஜோடி ஜோடியாக வரும். 12ல் ஒன்றுக்கு ஜோடி பன்னிரண்டு, இரண்டுக்கு ஆறு, மூன்றுக்கு நாலு. எனவே காரணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. ஒற்றைப்படையாக வேண்டுமானால் யாராவது ஒருவர் தனக்குத்தானே ஜோடியாக வேண்டும்: 9ல் மூன்றுக்கு மூன்றே ஜோடி. அப்படி நடப்பது வர்க்க எண்ணில் மட்டும். இப்போது நம் எண் ஒற்றைப்படை என்றால், இரட்டைப்படை எண் எதுவும் அதை மீதியின்றி வகுக்காது. காரணிகளின் எண்ணிக்கை அதை வகுக்கிறதே? அப்படியானால் அந்த எண்ணிக்கை ஒற்றைப்படை. ஆகவே எண் வர்க்கம்.

இன்றைய பெரிய மொழி மாதிரிகளில் ஜாதகக் கட்டமும் இல்லை, கணக்கு நோட்டும் இல்லை. 'புளி' என்ற கருத்து அங்கே ஆயிரக்கணக்கான எண்கள் கொண்ட ஒரு வரிசை. புளிக்கு அருகில் எலுமிச்சை, கொஞ்சம் தள்ளி மாங்காய், வெகு தொலைவில் மோட்டார் சைக்கிள். இரண்டு இடங்களுக்கு நடுவில் ஒரு இடத்தைத் தொடுவது அதற்குச் சுலபம், யாளிகள் மலிந்ததற்கு அதுதான் காரணம். எந்தப் பகுதியைக் கழற்றலாம் என்று கை வைக்க அங்கே பகுதிகள் தெளிவாகத் தெரிவதில்லை. அதனாலோ என்னவோ, 2023 டிசம்பரில் 'ஃபன்சர்ச்' என்ற முறையைக் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்டபோது, மொழி மாதிரியிடம் நேரடியாக விடையைக் கேட்கவில்லை. சின்னச் சின்ன பைத்தான் நிரல்களாக எழுதச் சொல்லி, இன்னொரு நிரல் மதிப்பெண் போட்டு, தேறியதை மறுபடி மாற்றி எழுதச் சொன்னார்கள். கணிதத்தின் பழைய புதிர் ஒன்றில், எட்டுப் பரிமாணத்தில், அதுவரை எட்டியிருந்த அதிகபட்சமான 496 புள்ளிகளைத் தாண்டி 512 கிடைத்தது. லெனட்டின் லிஸ்ப் துண்டுகள் வேறு வேஷத்தில் திரும்பி வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தார் மாறிலிகளுக்குப் புதிய சூத்திரங்களை ஊகிக்கும் நிரலை உருவாக்கி 2021ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ராமானுஜன் இயந்திரம்.

பையனுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. தான் கேட்ட எண்கள் எல்லாம் அந்த ரீஃபாக்டரபிள் கூட்டத்தில் உண்டா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயப்பன் படி பதினெட்டு, உண்டு. நாழிகை அறுபது, உண்டு. "திருக்குறள் ஆயிரத்து முன்னூத்தி முப்பது?" காரணிகள் பதினாறு, பதினாறால் போகாது. முகம் வாடிவிட்டது. அம்மா உள்ளேயிருந்து, "நூத்தியெட்டு பாருடா" என்றார். மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள், பக்கத்துத் திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் இருவரும் நூற்றெட்டுத் திவ்விய தேசக் கணக்கில் அடக்கம். அவருக்கு அந்த எண் மேல் ஒரு பாசம். பையன் நோட்டில் எழுதிப் பெருக்கிப் பார்த்தான். காரணிகள் பன்னிரண்டு. நூற்றெட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒன்பது. "ஆயா, உண்டு!" என்று கத்தினான். "எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

இப்போது ஒற்றைப்படையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒன்று ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. இருபத்தைந்து தேறவில்லை, நாற்பத்தொன்பது தேறவில்லை, எண்பத்தொன்று ஆசை காட்டிவிட்டு ஐந்து காரணிகளோடு கவிழ்த்தது. அடுத்தது எதுவென்று நான் சொல்லவில்லை. தரையில் அடுக்கித்தான் பார்ப்பேன் என்கிறான். வீட்டில் இருப்பது இருநூற்றுப் பத்துக் கொட்டைகள், எண்ணிவிட்டோம். எனக்குத் தெரியும், இன்னும் பதினைந்து வேண்டும்.